வைக்கோல் போர்த்திய கல்

வேலங்கரைப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. பாடம் நடக்காத நாளில் பிள்ளைகள் எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்! கையைக் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, வாசலில் வந்து நின்ற மாட்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டியிலிருந்து முதலில் ஒரு பெட்டி இறங்கியது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அத்தனை நீளம். அதற்குப் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார்.

“யாரு புள்ள இவுக?” என்று பூமிநாதன் கிசுகிசுத்தான்.

“சும்மா இருடா. வாத்தியாரு சொல்லுவாக” என்றாள் முத்தழகு.

முத்தழகுக்குப் பதினோரு வயது. அப்பாவுக்கு விவசாயம். பூமிநாதன் அவளுக்கு எதிர்வீட்டுப் பையன். வாயில் வந்ததைப் பேசிவிட்டு அப்புறம்தான் யோசிப்பான். யோசிக்காமலே விட்டுவிடுவதும் உண்டு.

பெரியகருப்பன் வாத்தியார் வந்தவரை உள்ளே அழைத்துவந்தார். அவர் சென்னையிலிருந்து வந்த சர்க்கார் ஆபீசர். பழைய கோயில், பழைய மண்டபம், எழுத்து வெட்டிய கல் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன, எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. காரைக்குடிக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆன காலம் அது. காரைக்குடி வரைக்கும் ரயிலில் சுகமாக வந்தவர், அங்கிருந்து கண்டரமாணிக்கம் வழியாக வண்டி கட்டிக்கொண்டு வந்ததில்தான் இடுப்பைத் தொலைத்திருந்தார்.

அவர் கையில் தடித்த அச்சுப் புத்தகம் ஒன்று இருந்தது.

“இந்த ஜில்லாவில் இருக்கிற பழைய சின்னங்களை எல்லாம் சர்க்கார் முன்பே எழுதி அச்சடித்து வைத்திருக்கிறது” என்றார் ஆபீசர். “ஆனால் எழுதி ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. இப்போது எது இருக்கிறது, எது இல்லை என்று யாருக்கும் தெரியாது. நேரில் பார்த்தால்தான் உண்டு. சுற்றிலும் எத்தனையோ ஊர், நானோ ஒருவன். வெள்ளிக்கிழமை அடுத்த ஊருக்குக் கிளம்பியாக வேண்டும்.”

“நீங்க எதுக்குங்கய்யா கவலப்படுறீக? எங்கிட்ட ஒரு படையே இருக்கு” என்று வாத்தியார் பிள்ளைகள் பக்கம் கையைக் காட்டினார்.

அவ்வளவுதான்! கொஞ்ச நேரத்தில் வேலங்கரைத் தொண்டர் படை தயாராகிவிட்டது. ஆளுக்கொரு மஞ்சள் துணியைக் கையில் கட்டிக்கொண்டார்கள். பூமிநாதன் ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிக்கொண்டான். கேட்டால், இடது கை கோபித்துக்கொள்ளுமாம்.

புத்தகத்தில் வேலங்கரைக்கு என்று போட்டிருந்த இடங்களை வாத்தியார் பிரித்துக் கொடுத்தார். சிவன் கோயில் சுவர் செட்டியார் வீட்டுத் தேனம்மை கூட்டத்துக்கு. ஊருணிப் படித்துறை மருது கூட்டத்துக்கு. கண்மாயின் வடக்கு மடை முத்தழகுக்கும் பூமிநாதனுக்கும். கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கயிறு பிடித்து அளக்க வேண்டும். எந்தத் திசை பார்த்து நிற்கிறது, உடைந்திருக்கிறதா, முழுசாக இருக்கிறதா என்று எழுத வேண்டும். அதன் பிறகு ஆபீசர் வந்து படி எடுப்பார்.

“படின்னா என்னங்கய்யா?” என்று கேட்டாள் முத்தழகு.

“வா, காட்டுகிறேன்” என்றார் ஆபீசர். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த பிள்ளையார் கோயிலுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தூணில் பழைய எழுத்து இருந்தது. நீளப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சுருள் சுருளாகத் தாள். ஒரு தாளை நனைத்துத் தூணில் ஒட்டினார். தூரிகையால் தட்டித் தட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி செய்தார். தாள் காய்ந்து வரும்போது, துணிப்பந்தில் மையைத் தொட்டு மெல்ல ஒற்றினார். மேடான இடமெல்லாம் கறுப்பாயிற்று. பள்ளத்து எழுத்து மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

தாளை உரித்து எடுத்ததும் பிள்ளைகள் தூணை ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தூண் அப்படியே இருந்தது. ஒரு பொட்டு மைகூட அதில் இல்லை.

ஓரத்தில் கத்தரித்துப் போட்ட தாள் துண்டுகளை முத்தழகு பொறுக்கிக்கொண்டாள். “இது ஒங்களுக்கு வேணுமாங்கய்யா?” என்று கேட்டாள். “எடுத்துக்கொள்” என்றார் ஆபீசர். அவளுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

“வடக்கு மடைக் கல்லு எனக்குத் தெரியும்” என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். “கண்ணைக் கட்டி விட்டாக்கூடப் போய்த் தொட்டிருவேன்.”

“நல்லது. ஆனால் அதில்தான் அவசரம்” என்றார் ஆபீசர். “கண்மாய்க் கரையில் ரோட்டுக்குக் கல் உடைக்கிறார்களே, பார்த்தாயா? கரையில் கிடக்கிற எந்தக் கல்லையும் உடைக்க அவர்களுக்கு உத்தரவு இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் உள்ள கல்லை மட்டும் தொடக்கூடாது. நான் நேரில் பார்த்தால் ‘இருக்கிறது’ என்று எழுதுவேன். காணவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதி அடித்துவிட வேண்டியதுதான். அடித்த கல்லுக்கு நான் பொறுப்பில்லை.”

வடக்கு மடைக் கல்லில் ஏறிக் குதித்துத்தான் முத்தழகு நீச்சலே பழகினாள். அதைப் போய்ச் சுத்தியலால் உடைப்பதா?

மறுநாள் காலையில் படை கிளம்பியது. மத்தியானம் திரும்பி வந்தது. ஐயோ பாவம், யார் முகத்திலும் களை இல்லை.

“கோயில் கதவப் பூட்டிட்டாகய்யா. சாவி காணமாம்” என்றாள் தேனம்மை.

“ஊருணிப் படித்துறையில எழுத்து இருந்த கல்லு மேல ஒரே துணி மூட்டை. எடுக்கச் சொன்னா, நாளைக்குத் துவைப்போம், நாளன்னைக்குத் துவைப்போம்கிறாக” என்றான் மருது.

“அது பரவாயில்ல. எங்க ஆத்தாவே ஆட்டுக்கல்லு மேல சாக்கப் போட்டு மூடிட்டாக! ஆட்டுக்கல்லுல எழுத்தே கெடையாது!” என்றாள் தேனம்மை.

என்ன நடந்தது என்றால், எல்லாம் அந்தப் பெட்டியால் வந்த வினை. அத்தனை நீளப் பெட்டி எதற்கு? கல்லை வைத்துக் கொண்டுபோகத்தான் என்று யாரோ ஒருவர் சொன்னார். அடுத்தவர் அதைச் சென்னைக்கே கொண்டுபோய்விட்டார். “எல்லாத்தையும் பேரு எழுதி, பெட்டியில போட்டு, செத்த காலேஜுல கொண்டு வச்சிருவாகளாம்!” என்று ஊர் முழுக்கப் பேச்சு. சென்னையில் பழம்பொருள்கள் வைத்திருக்கும் காட்சிசாலைக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். நம் பூமிநாதன் வேறு, “சர்க்கார் வந்திருக்காக! எல்லாக் கல்லையும் காட்டுங்க!” என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டே தெருத்தெருவாகப் போயிருந்தான். ஊர் பயப்படாமல் என்ன செய்யும்?

முத்தழகும் பூமிநாதனும் வடக்கு மடைக்குப் போனபோது, கல் இருந்த இடத்தில் கல் இல்லை. ஒரு வைக்கோல் படப்பு இருந்தது.

கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்தில், யாராவது படப்பு போடுவார்களா? மாடு எங்கே, தொழுவம் எங்கே! படப்புக்கு முன்னால் சோணையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த மடையைத் திறந்து மூடி வயலுக்குத் தண்ணீர் விடுகிற வேலை அவருடையது. கணவர் செய்த வேலை. அவர் காலமான பிறகு, ஊரார் சம்மதத்தோடு இவரே செய்துவந்தார். மடையைத் திறக்கும் முன்னால் அந்தக் கல்லுக்கு ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் திறப்பார்.

“அயித்தே, இங்குட்டு இருந்த கல்லு எங்க?” என்று கேட்டாள் முத்தழகு.

“எந்தக் கல்லு?”

“எழுத்துக் கல்லு அயித்தே. நாங்க ஏறிக் குதிப்பமே.”

“நீ அங்குட்டு எங்கயாச்சும் குதிச்சிருப்ப. இங்குட்டு ஒண்ணும் கெடையாது.”

“படப்புக்குள்ளதான இருக்கு!” என்றான் பூமிநாதன். “வைக்கோலு நனைஞ்சு, கல்லு மூலை தெரியுது பாருங்க!”

சோணையம்மாள் ஒரு கை வைக்கோலை எடுத்து அந்த மூலையில் அப்பினார். “இப்பத் தெரியுதா?”

“இப்பத் தெரியல” என்று பூமிநாதன் உண்மையைச் சொன்னான்.

முத்தழகு ஆபீசர் சொன்னதை எல்லாம் சொன்னாள். புத்தகத்தில் இருந்தால் கல் பிழைக்கும், இல்லையென்றால் உடைத்துவிடுவார்கள் என்று கெஞ்சினாள். தூரத்தில், கரையின் தென்கோடியில், கல் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சோணையம்மாள் அசையவில்லை. “ஏத்தா, எழுதாத கல்ல ஒருத்தன் உடைப்பான். எழுதுன கல்ல இன்னொருத்தன் தூக்கிட்டுப் போவான். மூடி வச்சா ரெண்டு பேரு கண்ணுலயும் படாது. போ, போயி வேற வேலயப் பாரு” என்றார்.

பேச்சு அத்தோடு முடிந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் பூமிநாதன் குதித்துக்கொண்டே வந்தான். “இப்பவே ஆபீசர்ட்டச் சொல்லுவம். தலையாரி வந்தா ஒரு நிமிசத்துல படப்பப் பிரிச்சிருவாரு!”

“வேணாம்.”

“ஏன் வேணாம்? கல்லு கெடச்சிரும்ல?”

“கல்லு கெடைக்கும். அயித்தைய ஊருக்கு முன்னால வச்சு வைவாக. அவுக என்ன திருடுனாகளா? கல்லு போயிருமேன்னு பயந்து ஒளிச்சு வச்சிருக்காக. காப்பாத்தணும்னு நெனச்சவுகளக் காட்டிக் குடுக்கவா?”

பூமிநாதன் யோசித்தான். அது அவனுக்கே புதுசாக இருந்தது. “சரி. வேற என்ன செய்ய?” என்றான்.

முத்தழகுக்கும் தெரியவில்லை. தெரியாமலே வீட்டுக்குப் போனாள். அடுப்படியில் அவளுடைய அம்மா மலையம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். துலக்கிக் கவிழ்த்த பித்தளைச் சட்டியின் விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்து மின்னியது. ‘மலையம்மாள்’.

அந்தப் பக்கத்துப் பழக்கம் அது. கல்யாணத்துக்குச் சீர் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். செட்டியார் வீட்டுப் பெரிய அண்டாவானாலும் சரி, ஏழை வீட்டுச் சின்னச் செம்பானாலும் சரி, ஒரு பெயர் இருக்கும்.

முத்தழகு சட்டியைப் பார்த்தாள். இடுப்பில் செருகி வைத்திருந்த தாள் துண்டைப் பார்த்தாள். “அட!” என்று கத்தினாள்.

“என்னடி, தேளு கீளு கொட்டிருச்சா?” என்று அம்மா பதறினார்.

விளக்குக் கரியைச் சுரண்டிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். பழந்துணியைப் பந்தாகக் கட்டினாள். தாளை நனைத்துச் சட்டியில் ஒட்டினாள். முதல் தடவை ஈரம் அதிகமாகி, தாள், சட்டி, கை, மூக்கு எல்லாம் ஒரே கரி.

“அடுப்புல ஏத்துற பானையில பிடிக்கிற கரி பத்தலயா ஒனக்கு? துலக்குன சட்டியிலயும் பூசணுமா?” என்று அம்மா கையை ஓங்கினார்.

“ஒரே ஒரு தடவம்மா! இன்னும் ஒரே ஒரு தடவ!”

அந்த ‘ஒரே ஒரு தடவை’ எத்தனை தடவை நடந்தது என்று கேட்காதீர்கள். கடைசியில் ஒரு தடவை, தாள் நன்றாகக் காய்கிறவரைக்கும் பொறுமையாக இருந்து, துணிப்பந்தை மெல்ல மெல்ல ஒற்றினாள். கறுப்புத் தாளில் வெள்ளை வெளேர் என்று ‘மலையம்மாள்’ வந்தது.

அம்மா ஓங்கிய கையை மறந்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். “சட்டியில பேரு அப்படியே இருக்கே!”

“அதாம்மா அந்த ஆபீசரும் செய்யிறாக. கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பெட்டி நிறையத் தாளுதான்மா. நான் பாத்தேன்.”

மலையம்மாளுக்கு ஒரு சேதி தெரிந்தால் அது தெருவுக்கே தெரிந்த மாதிரி. சாயங்காலத்துக்குள் அவர்கள் வீட்டு வாசலில் பாத்திரத்தோடு ஒரு கூட்டமே கூடிவிட்டது. “எம்பேர எடு!” “எங்க சின்னத்தாயி பேர எடு!” “என்ன புள்ள, எனக்கு மட்டும் மங்கலா எடுத்திருக்க?” என்று ஒரே ரகளை. தேனம்மை வீட்டிலிருந்து ஓர் அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துண்டுத் தாள் தீர்ந்துபோனது. வாத்தியார் இன்னும் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தார். பூமிநாதன் கரி அரைத்து அரைத்து, பல்லைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பாகிப் போனான்.

மறுநாள் ஆச்சரியம் பாருங்கள், காணாமல் போன கோயில் சாவி கிடைத்துவிட்டது. ஊருணிப் படித்துறைத் துணி மூட்டையும் அன்றைக்கே துவைக்கப்பட்டுவிட்டது. தொண்டர் படை கயிறும் பென்சிலுமாக ஓடியது. ஆபீசர் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புத்தகத்தில் ‘இருக்கிறது’, ‘இருக்கிறது’ என்று எழுதிக்கொண்டே வந்தார்.

மிச்சம் இருந்தது வடக்கு மடை ஒன்றுதான். முந்தின நாள் பாத்திரத்தோடு வந்த கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள். சோணையம்மாள் மட்டும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் முத்தழகு கடைசித் தாள் துண்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். பூமிநாதனும் கூட வந்தான். “நீ வாயத் தொறக்கக் கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவனைச் சேர்த்துக்கொண்டாள்.

“கல்லப் பத்திப் பேச வந்திருந்தா அப்படியே திரும்பிப் போ” என்றார் சோணையம்மாள், வாசலிலேயே.

“கல்லப் பத்தி இல்ல அயித்தே. ஒங்க வீட்டுல பேரு வெட்டுன ஏனம் எதுவும் இருக்கா?”

சோணையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பித்தளைக் குடத்தை எடுத்துவந்தார். நசுங்கின குடம். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுத்துப் பக்கம் தேய்ந்தே போயிருந்தது.

“எங்க ஆத்தா குடம். அக்கம்மாள்னு வெட்டியிருந்தது. இப்ப எங்க தெரியுது! இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணுமே இருக்காது” என்றார்.

முத்தழகு குடத்தின் கழுத்தை விரலால் தடவினாள். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் விரலுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவி, எழுத்து ஆரம்பிக்கிற இடத்தைக் கண்டுபிடித்தாள். தாளை நனைத்து ஒட்டினாள். தட்டினாள். காய விட்டாள். வேகமாகக் காயட்டும் என்று பூமிநாதன் கன்னம் உப்ப ஊதினான். வாயைத் திறக்காமல் அவனால் செய்ய முடிந்த உதவி அது ஒன்றுதான்.

பிறகு கரி ஒற்றினாள். முதலில் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் மெல்ல ஒரு ‘அ’. அதன் பின்னால் ‘க்’. ஒவ்வொரு எழுத்தாக வந்து கடைசியில் ‘அக்கம்மாள்’ என்று நின்றது. குடத்தில் தெரிந்ததைவிடத் தாளில் நன்றாகவே தெரிந்தது.

“இந்தாங்க அயித்தே. இது ஒங்க ஆத்தா பேரு.”

சோணையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டார். “இது எங்க ஆத்தாவா?” என்றார். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

“கொடம் இங்கனயேதான் இருக்கு” என்றாள் முத்தழகு மெல்ல. “அத நான் எங்கயும் தூக்கிட்டுப் போகல. பேரு மட்டும்தான் தாளுக்கு வந்திருக்கு. இனிமே கொடத்துல தேஞ்சாலும் தாளுல இருக்கும்.”

சோணையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

“இப்பப் பேசலாமா?” என்றான் பூமிநாதன், பாவம்.

“பேசு.”

“கல்லக் காட்டுவாகளா?”

“தெரியலடா” என்றாள் முத்தழகு.

வெள்ளிக்கிழமை காலை, ஆபீசர் வண்டி பூட்டச் சொல்லிவிட்டார். போகிற வழியில் கண்மாய்க் கரையை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நடந்தார். பின்னால் வாத்தியாரும் படையும். முத்தழகு எல்லாருக்கும் கடைசியில் வந்தாள். எதிரே, கல் உடைக்கும் மேஸ்திரி தன் ஆட்களோடு வடக்கு மடையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். ஆட்களின் தோளில் சம்மட்டி இருந்தது.

கரை மேல் ஏறியதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

சோணையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படப்பைப் பிரித்து வாரி வாரிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். பாதிக் கல் வெளியே வந்திருந்தது. தலையெல்லாம் வைக்கோல்.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? தொண்டர் படைன்னு கையில துணியக் கட்டிக்கிட்டாப் போதுமா? வந்து இழுங்க!” என்று சத்தம் போட்டார்.

முத்தழகு ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! படை மொத்தமும் படப்பின் மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கல் முழுசாக வெளியே வந்தது. மூன்று பக்கமும் எழுத்து. சோணையம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு ஆபீசரைப் பார்த்துத் திரும்பினார்.

“ஒரு தாளு ஒங்களுக்கு. ஒரு தாளு எங்களுக்கு. சரிதானுங்களா?”

“சரிதானம்மா.”

“அப்ப வாங்க. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வாங்க.”

ஆபீசர் மறுபேச்சுப் பேசாமல் செருப்பைக் கழற்றினார். புத்தகத்தை விரித்து, ‘இருக்கிறது’ என்று எழுதினார். பக்கத்தில் வந்து நின்ற மேஸ்திரியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினார். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு, “ஏப்பா, இதத் தொடக் கூடாது. அங்குட்டுப் போவோம்” என்று ஆட்களைத் திருப்பிக்கொண்டு போனார். சம்மட்டிகள் கரையை விட்டு இறங்குகிறவரைக்கும் முத்தழகு கல்லின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

படி எடுத்து முடித்ததும் ஆபீசர் தாளை வெயிலுக்கு நேரே பிடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தட்டுத் தடுமாறி வாசித்தார்.

“‘இம்மடை செய்வித்தேன் சாத்தன் ஏறனேன். இது காத்தார் பாதம் என் தலைமேல்.’”

“அப்படின்னா என்னங்கய்யா?” என்று கேட்டாள் முத்தழகு.

“எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சாத்தன் ஏறன் என்று ஒருவர் இந்த மடையைக் கட்டியிருக்கிறார். தனக்குப் பின்னால் யாரெல்லாம் இதைக் காப்பாற்றுகிறார்களோ, அவர்களுடைய பாதத்தைத் தன் தலைமேல் வைத்துக்கொள்வதாக எழுதி வைத்திருக்கிறார்.”

மடையில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“மடையத் தொறந்து மூடிப் பாத்துக்கிறது யாரு? அயித்ததான?” என்றாள் முத்தழகு. “கல்ல ஒளிச்சு வச்சதும் அவுக, காட்டுனதும் அவுக. அப்ப அவுக பாதத்தத்தான் அவரு சொல்லியிருக்காரு!”

எல்லாரும் சோணையம்மாளின் காலைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார். முழங்கால் வரைக்கும் சேறு. விரல் இடுக்கெல்லாம் வைக்கோல்.

“அடியாத்தி!” என்று பதறிப்போய், விறுவிறுவென்று வாய்க்காலில் இறங்கிக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.

“என்னம்மா ஆயிற்று?” என்று கேட்டார் ஆபீசர்.

“அம்புட்டுப் பெரிய மனுசரு தலையில வைக்கிற காலுங்கய்யா. சேத்தோடயா அனுப்புறது?”

ஆபீசர் சிரிக்கவில்லை. முத்தழகு தன் காலைப் பார்த்தாள். அவளும் வைக்கோல் இழுத்தவள்தானே? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் குதித்தாள். அவளுக்குப் பின்னால் தேனம்மை, மருது, பூமிநாதன், மொத்தப் படையும் இறங்கியது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கடைசியாக ஆபீசரும் கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, தண்ணீரில் காலை வைத்தார்.

“குதிகாலயும் நல்லாத் தேய்ங்கய்யா” என்றார் சோணையம்மாள்.